கஸ்டமர் எப்படி இருக்காரு?

3-11-2009, செவ்வாய்

மழை விடல. செவ்வாய்க்கிழமை சலூன் லீவு, அதனால காலையிலேயே சிதம்பரம் பஸ். கண்ணாடி ஏறாத ஜன்னல் சீட்டை எனக்குன்னே எடுத்து வெச்சிருப்பாங்க போல. கடலூர்ல ஏறி ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள ஒரு தோள் பூரா ஈரம். "கண்டக்டர் சார், குளிக்கறதுக்கு தனி டிக்கெட்டா?"ன்னு கேட்டேன். பின் சீட்டு அம்மா ஒண்ணு சிரிச்சுது. போதும்.

பெரிய ஆஸ்பத்திரி. ரிசல்ட் வாங்கற நாள். போன வாரம் கையில கால்ல கரண்டு வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் ஊசி குத்தி மிஷின்ல படம். கையை மடக்குங்கன்னாங்க, மடக்கினேன். தகரக் கூரையில மழை கொட்டற மாதிரி மிஷின் சத்தம் போட்டுது. "மேடம், இதுல பாட்டு கீட்டு வராதா?" அந்தம்மா சிரிக்கல. அப்பவே பயம்.

டாக்டர் சின்ன வயசு. என் மாப்பிள்ளை வயசு இருக்கும். ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து சொன்னது:

எல்லாம் நார்மல்.
நரம்பு நல்லா இருக்கு. தசை சும்மா துடிக்குது. நிறைய பேருக்கு வர்றதுதான். ஆபத்து இல்ல.
டீ கொறைங்க. நேரத்துக்குத் தூங்குங்க.
திரும்ப வர வேணாம்.

சந்தோஷமா எழுந்தேன். வாய் சும்மா இருக்குமா? "பத்தியம் ஏதாவது உண்டா சார்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க."

அவ்வளவுதான். கால் அங்கேயே நின்னு போச்சு.

எங்க அப்பாவைக் கடைசியா பார்த்த டாக்டரும் இதையேதான் சொன்னாரு. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதைக் குடுங்க." நம்ம பக்கத்துல அதுக்கு வேற அர்த்தம் உண்டா? அப்பா பலாச்சுளை கேட்டாரு. ஐப்பசி மாசம். பண்ருட்டி மார்க்கெட் பூரா அலைஞ்சேன், ஒரு பழம் இல்ல.

திரும்பி வர்ற பஸ்ல யோசிச்சேன், எனக்கு என்ன ஆசைன்னு. ஒண்ணும் தோணல. அது இன்னும் பயம்.

4-11, புதன்

தூறல். வாங்க வேண்டியது: பவுடர், படிகாரம், பிளேடு பாக்கெட், துண்டு காயப்போட கயிறு, எலிக்கு ஏதாவது.

பிளேடு வேணாம். அடிச்சிட்டேன். இருக்கறதே தீரல.

காரணத்தை இங்கயாவது எழுதணும். வலது கட்டை விரல். அதுக்குக் கீழ உள்ளங்கையில மேடா சதை இருக்கே, அங்கதான். ஆடியில ஆரம்பிச்சுது. உள்ள ஒரு மீன் குஞ்சு மாட்டிக்கிட்ட மாதிரி துள்ளும். நிக்கும். மறுபடி துள்ளும். அப்புறம் கெண்டைக்கால், கண் இமை, ஒரு நாள் உதடு. ஆனா கட்டை விரல்தான் தலைவரு. ஒவ்வொரு தடவையும் முழுசா எழுத முடியல, இனிமே வ.க.வி.

சலூன்காரனுக்கு இந்த விரல்தான் சோறு. கத்திரி பரவால்ல. சவரக் கத்தி? ஒருத்தன் தொண்டை மேல வெச்சிருக்கும்போது மீன் குஞ்சு துள்ளினா?

எதிர்க்கடை கணேசன் டீக்கடை காலண்டர்ல பின்பக்கம் போட்டிருக்கு, வலது கண் துடிச்சா ஆம்பளைக்கு நல்லதாம். தோளுக்குப் போட்டிருக்கு, தொடைக்குப் போட்டிருக்கு. கட்டை விரலுக்கு இல்ல. கணேசனைக் கேட்டேன்.

"கட்டை விரலா? பெரிய எடத்துல கைநாட்டு வெக்கப் போறடா."

"நான் அஞ்சாங்கிளாஸ்யா. கையெழுத்தே போடுவேன்."

"அப்ப யோகம் இல்ல, போ."

சிரிச்சிட்டு வந்தேன். டீயை அவன்கிட்டயே பாதி வெச்சிட்டேன், கொறைக்கணுமே.

6-11, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்துது.

பாலு வந்தான். ஆட்டோ ஓட்டறவன், என் கூட அஞ்சாங்கிளாஸோட நின்னவன். கடையில ரெண்டு பேரு பேப்பர் படிச்சிக்கிட்டு. யார்கிட்டயாவது சொல்லியே ஆவணும்னு இருந்துது. மெதுவா ஆரம்பிச்சேன். "மச்சான், சிதம்பரம் போயி நரம்பு டெஸ்ட் எடுத்துக்கிட்டு வந்தேன்டா."

பாலு என்னைப் பார்த்தான். வெளிய சுவத்தைப் பார்த்தான். அங்க போஸ்டர்: நரம்புத் தளர்ச்சியா, கவலை வேண்டாம், வைத்தியர் மாதம் ஒரு முறை லாட்ஜில் தங்கி ஆலோசனை.

"அடப்பாவி சேகரு! அதான் செல்வி தங்கச்சி உன்னைத் தனியா விட்டுட்டு திருப்பூருக்கு ஓடிப் போச்சா!"

பேப்பர் ரெண்டும் குலுங்குது.

"எந்த ரூமு மச்சான்? லேகியம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. உன் போட்டோவையும் காமிச்சேன். மூஞ்சியைப் பார்த்தே உனக்கு டபுள் டோஸ்னு எழுதிட்டாரு."

கடையே சிரிப்பு. நான்தான் ஜாஸ்தி சிரிச்சேன். சாயங்காலத்துக்குள்ள முதுநகர் மீன் மார்க்கெட் வரைக்கும் போயிடும். போவட்டும்.

அவங்க போனதும் கஸ்டமர் நாற்காலியில உக்காந்தேன். முன்னாடி கண்ணாடி, பின்னாடி கண்ணாடி. உள்ள உள்ள வரிசையா சேகர். பேச்சுத் துணைக்கு ஒருத்தனும் ஆவல.

8-11, ஞாயிறு

கூட்டம். இப்பல்லாம் கஸ்டமர் தலையைப் பார்க்கறதில்ல, கையைத்தான் பார்க்கறேன். எல்லாருக்கும் அந்த மேடு எப்படி இருக்கு, என்னுது மட்டும் பள்ளமான்னு. போர்வைக்குள்ள கையை விட்டுட்டா ஏமாத்தம்.

ஷேவிங்னு உக்கார்றவங்களைத் தாடி வெக்கச் சொல்லி அனுப்பறேன். "மாப்ள, இப்ப இதான் ஸ்டைலு. இந்த மொகத்துக்கு தாடி எடுத்தா பாவம்." டிரிம்மர் போட்டு ஓரம் கட்டினா போதும். மெஷின் துள்ளினா ரத்தம் வராது. பாதிப் பேரு சந்தோஷமா போறான். என் வாய் இருக்கற வரைக்கும் பொழைச்சுப்பேன்.

செல்வி போன் பண்ணினா. தீபாவளி முடிஞ்சு போனவ, திருப்பூர்ல பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம், பொங்கல் கழிச்சுதான் வருவா.

"இன்னா மாமா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். எதிர் வீட்டம்மா பிரியாணி குடுத்துச்சு."

"எந்த எதிர் வீட்டம்மா?"

"புதுசா வந்திருக்கு. சேப்பா இருக்கும்."

"எதிர் வீடு பூட்டிக் கெடக்கு. வெளாடாத. இட்லி சுட்டியா?"

பின்னாடி டிவி அலறுது, கொழந்தை அழுவுது. பச்சை ஒடம்புக்காரி பக்கத்துல இருந்துக்கிட்டு என் விரல் கதையெல்லாம் எதுக்குக் கேக்கணும் அவ. சுட்டேன்னு சொன்னேன். சுடல. பிஸ்கட்.

10-11, செவ்வாய்

ஆஸ்பத்திரியில வேலை இல்ல. திரும்ப வர வேணாம்னுட்டாங்களே. இருந்தாலும் சிதம்பரம் போனேன்.

மொத மொத டாக்டர் எழுதின சீட்டுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்துல கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிதான் தூங்க விடல. வார்த்தையை மட்டும் ஒவ்வொரு எழுத்தா பார்த்து ஒரு காகிதத்துல வரைஞ்சு எடுத்துக்கிட்டேன். கடலூர்ல காட்டினா பாலு ஆளுங்க போஸ்டரே அடிச்சிடுவாங்க. சிதம்பரம் வடக்கு வீதிகிட்ட ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு அம்மா, பேரு சாந்தி, முப்பத்தஞ்சு இருக்கும். கண்ணாடி, மல்லிப்பூ.

"யாருக்குண்ணா இது?"

"கடைக்கு வர்ற கஸ்டமர் ஒருத்தருக்கும்மா. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது. அதான் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை."

அது சிரிச்சிக்கிட்டே தட்டுச்சு. படிக்கப் படிக்க சிரிப்பு போயிடுச்சு.

"கை கால் சதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடும்னு போட்டிருக்குண்ணா. அப்புறம் முழுங்க முடியாது, பேச முடியாது... அய்யோ. அவருக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"இருங்க, கீழ வேற போட்டிருக்கு. சும்மாவும் துடிக்குமாம், பயப்பட வேணாமாம்..."

"அதை விடும்மா. மேல இருந்துச்சே, அதையே படி."

படிச்சுது. பேச முடியாதுங்கற எடத்துல மறுபடி நிறுத்தச் சொன்னேன். பேச்சு போனா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?

"டாக்டர்கிட்ட காமிச்சாராண்ணா?"

"காமிச்சாரு. நார்மல்னுட்டாங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடச் சொன்னாங்களாம்."

"ஆசைப்பட்டதையா!" சாந்தி கையை வாய்ல வெச்சுக்கிச்சு. பார்த்தியா. அந்தம்மாவுக்கும் அதே அர்த்தம்தான்.

12-11, வியாழன்

பக்கத்துக் கடை டெய்லர்கிட்ட ரெண்டு கையையும் அளவு எடுக்கச் சொன்னேன்.

"சட்டையா?"

"சட்டை இல்ல. ரெண்டும் ஒரே அளவான்னு பாரு."

"எல்லாருக்கும் ஒரு கை பெருசாத்தான் இருக்கும். துணியோட வா, அளக்கறேன்."

வீட்டுல பெலம் இருக்கான்னு குதிகாலை எக்கி நின்னு பார்த்தேன். நின்னேன். நாளைக்கும் நிப்பேனா? வாளியைத் தூக்கினேன். தூக்கினதால கை வலி. வலிக்குதேன்னு பயம்.

15-11, ஞாயிறு

நல்ல மழை, இருந்தும் கூட்டம். கார்த்திகை பொறக்கப் போவுது. மாலை போடறவன் பூரா அதுக்கு முன்னாடி மழிச்சிக்க வந்து நிக்கறான். தாடி ஸ்டைலெல்லாம் இன்னைக்கு எடுபடல. சிலரை "கரண்டு போயிடுச்சு"ன்னேன். கத்திக்கு எதுக்குடா கரண்டுன்னு எவனும் கேக்கல, நல்ல காலம்.

பாலு வந்தான். மொத தடவை மலைக்குப் போறான், கன்னிசாமி. நாற்காலியில சாய்ஞ்சு கழுத்தை நீட்டிட்டான். "மச்சான், வழுவழுன்னு எடு. இனிமே மலைக்குப் போயி வந்துதான்."

சோப்பு போட்டேன். நுரை வந்துது. கத்தியை எடுத்தேன். வ.க.வி. துள்ளுச்சு. ஒரு தடவைதான். பாலு தொண்டைக்குழி ஏறி எறங்குது.

"பிளேடு தீந்து போச்சுடா."

கண்ணைத் தொறந்தான். கண்ணாடிக்குக் கீழ தட்டைப் பார்த்தான். "இவ்ளோ பாக்கெட் இருக்கே?"

"அது துரு."

"புதுப் பாக்கெட்ல துருவா?"

பாக்கெட்டை டிராயருக்குள்ள தள்ளினேன். பாலு துண்டை எடுத்து நுரையைத் தானே தொடைச்சிக்கிட்டான். "உன் கையால எடுத்துக்கிட்டு மாலை போடணும்னு வந்தேன்டா"ன்னு சொல்லிட்டு வேற கடைக்குப் போனான். காதுல நுரை அப்படியே இருந்துது. சொல்லணும்னு நெனைச்சேன், ஆட்டோ கெளம்பிடுச்சு.

17-11, செவ்வாய்

கார்த்திகை வந்தாச்சு. தெரு பூரா கருப்பு வேட்டி. அவனவன் தாடி வளக்கறான். கடலூர்லயே இதுக்காக சந்தோஷப்படற ஒரே சலூன்காரன் நான்தான்.

சிதம்பரம் போனேன். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பிரவுசிங் சென்டர் வாசல்ல செருப்பைக் கூட விடல, சாந்தி கேட்டுது:

"வாங்கண்ணா. அந்த கஸ்டமர் எப்படி இருக்காரு?"

ஆடி மாசத்துல இருந்து யாரும் கேக்காத கேள்வி.

"இருக்காரும்மா. விரல் துடிக்குது. கத்தி புடிக்க பயப்படறாரு."

"கத்தியா? அவரு என்ன வேலை?"

"...கறிக்கடை."

"சாப்பிடறாரா? தூங்கறாரா? வீட்டுல யாரு இருக்காங்க?"

"சம்சாரம் ஊர்ல இல்ல. தனியாத்தான்."

எல்லாம் சொன்னேன். கெண்டைக்கால், உதடு, குதிகாலை எக்கி நிக்கறது, வாளி தூக்கறது. அவரு அப்படிப் பண்றாரு, இப்படிப் பண்றாருன்னு. ஒரு வார்த்தை கூட கிண்டல் இல்லாம இவ்வளவு நேரம் நான் பேசினதே இல்ல. சாந்தி உம் கொட்டிக்கிட்டே கேட்டுது. ரெண்டு பேரு பிரிண்ட் எடுக்க நின்னாங்க, இருங்கன்னுட்டுது.

"நான் வெள்ளிக்கிழமை தில்லைக்காளி கோயிலுக்குப் போவேண்ணா. அவருக்கு ஒரு அர்ச்சனை பண்றேன். பேரு, நட்சத்திரம் சொல்லுங்க."

நட்சத்திரம் ஒடனே வந்துது. உத்திரட்டாதி. என்னுதுதான்.

"பேரு?"

வாய்ல முந்திக்கிட்டு வந்தது கணேசன். டீக்கடைக்காரன் பேரு. ஏன்னு தெரியல. தினம் பத்து வாட்டி கூப்பிடற பேரு, அதான் போல.

சாந்தி காலண்டர் தாள்ல எழுதி மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிச்சு.

20-11, வெள்ளி

காலையிலேயே குளிச்சேன். வெள்ளை வேட்டி. இந்நேரம் அங்க அர்ச்சனை நடக்கும்னு கடையில கையை விரிச்சு வெச்சிக்கிட்டு உக்காந்தேன். வ.க.வி. ஆடிக்கிட்டேதான். எப்பவும் போலக் கூட இல்ல, ஜாஸ்தி.

டீக்கு எதிர்க்கடை போனேன். கணேசன் குதிச்சிக்கிட்டு வர்றான்.

"டேய் சேகரு, அதிசயம் கேளு! ரெண்டு வருஷமா இருந்த முட்டி வலி. காலையில எழுந்தேன், இல்ல! பாரு, பாரு!" கடை நடுவுல உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கறான்.

எனக்கு சிரிப்பா, அழுகையா, தெரியல. "கணேசா, உன் நட்சத்திரம் என்னா?"

"ரேவதி. ஏன்?"

உத்திரட்டாதிக்கு அடுத்தது. தபால்காரன் ஒரு வீடு தள்ளிக் குடுத்திட்டான்.

24-11, செவ்வாய்

வானம் மூட்டம், பெய்யல. சாந்தி ஒரு பொட்டலம் குடுத்துது. கோயில் குங்குமம். "கணேசன் அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. மனசார வேண்டிக்கிட்டேன். உத்திரட்டாதின்னு சொன்னதும் பூசாரியே ரெண்டாவது தடவை பேரைச் சொன்னாரு."

"கண்டிப்பா குடுக்கறேம்மா."

"எப்படி இருக்காரு?"

"அப்படியேதான்."

அது மொகம் வாடிப் போச்சு. எவனோ ஒருத்தனுக்காக வாடற மொகம். நான்தாம்மா அதுன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். "இன்னைக்கு மல்லி இல்லையா, கனகாம்பரமா?"ன்னு வந்துது.

பஸ்ல பொட்டலத்தைப் பிரிச்சு நெத்தியில வெக்காம, வ.க.வி. மேடு மேல பூசிக்கிட்டேன். கண்டக்டர் பதறிட்டான். "இன்னா பெரியவரே, கையை வெட்டிக்கிட்டீங்களா?"

பெரியவராம். அது தனி வலி.

27-11, வெள்ளி

பாலு வந்தான். கருப்பு வேட்டி, துளசி மாலை, நரைச்ச தாடி. மாலை போட்டுட்டா எல்லாரும் எல்லாருக்கும் சாமி. பெஞ்சுல உக்காந்தான். கடையில வேற யாரும் இல்ல.

"சேகர் சாமி."

"சொல்லுங்க பாலு சாமி."

"கை நெசமா எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

"நீ கத்தியே எடுக்கறதில்ல. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்கி உன் மூஞ்சி நல்லா இல்ல. வேற ஆஸ்பத்திரி போலாமா? ஆட்டோ இருக்கு."

கேக்கறான். நாலு மாசமா நான் காத்துக்கிட்டிருந்த கேள்வியை, நேரா, கிண்டல் இல்லாம கேக்கறான். நான் சொன்னது என்ன?

"லேகியம் தீந்து போச்சு சாமி, அதான். மலைக்குப் போயி வரும்போது ஒரு டப்பா வாங்கியாங்க."

சிரிச்சேன். அவன் சிரிக்கல. "சாமி சரணம்"னு எழுந்து போயிட்டான்.

யாரும் கேக்கலன்னு இத்தனை நாளா எழுதிக்கிட்டிருந்தேன். கேட்டவனை சிரிச்சே வெளிய அனுப்பிட்டேன். அந்த போஸ்டரை ஒட்டினவன் கூட இந்த வேலை பண்ணியிருக்க மாட்டான்.

1-12, செவ்வாய்

தெருவெல்லாம் அகல் விளக்கு விக்குது. சிதம்பரம்.

"வாங்கண்ணா, கஸ்டமர் எப்..."

"கஸ்டமர் இல்லம்மா. நான்தான்."

சாந்திக்குப் புரியல. மறுபடி சொன்னேன். விரலை நீட்டினேன். நல்ல நேரம் பார்த்து அது சும்மா இருந்துது. ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நின்னோம். அப்புறம் துள்ளுச்சு.

"அய்ய, ஆமா!"ன்னுச்சு. அப்புறம் கோவம். நல்ல கோவம். "அப்ப நான் யாருக்குண்ணா அர்ச்சனை பண்ணேன்? கணேசன் யாரு?"

"எதிர்க்கடை டீ மாஸ்டர். முட்டி வலி போயிடுச்சும்மா அவனுக்கு. தாண்டிக் குதிக்கறான்."

கோவமா இருந்தது குபுக்குனு சிரிச்சிடுச்சு. சிரிச்சு, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிக்கிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுது. "உக்காருங்க. டாக்டர் என்ன சொன்னாரு, மொதல்லருந்து சொல்லுங்க. உங்களுக்கு சொன்ன மாதிரி."

சொன்னேன். நார்மல். ஆபத்து இல்ல. டீ கொறைங்க. வர வேணாம். அப்புறம் நான் பத்தியம் உண்டான்னு கேட்டது. அவரு ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கன்னது.

"இருங்க இருங்க. நீங்க பத்தியம் கேட்டீங்களா?"

"ஆமா."

"அதுக்கு அவரு பதில் சொன்னாரு. அவரா வந்து சொல்லலையே?"

நான் அப்படி யோசிக்கவே இல்ல.

"மொத தடவை நீங்க பாதிதான் சொன்னீங்க. நானும் மூணு வாரம் பயந்துட்டேன். அன்னைக்கி கீழ போட்டிருந்ததைப் படிக்க விடலையே நீங்க?" மறுபடி தட்டி, அதை மட்டும் நிதானமா படிச்சுது. சும்மா துடிக்கும். வருஷக் கணக்கா கூட துடிக்கும். கவலைப்பட்டா ஜாஸ்தியாவும். பெலம் கொறையலன்னா, டெஸ்ட் நல்லா இருந்தா, பயப்பட வேணாம்.

"நிக்குமான்னு போட்டிருக்கா?"

"அது போடலண்ணா."

சரி.

"பேரு சொல்லுங்க, நெசமான பேரு. வெள்ளிக்கிழமை சொல்றேன்."

"தனசேகர். உத்திரட்டாதி. மீன ராசி. கடலூர் முதுநகர்."

"அட்ரஸ் வேணாண்ணா. அம்மாவுக்குத் தெரியும்."

"போன தடவை தெரியலையேம்மா."

அடிக்கற மாதிரி பேனாவை ஓங்குச்சு.

வெளிய வந்தா பசி. நெசமான பசி. ஒரு கடையில இட்லி, கத்தரிக்கா கொத்சு. ரெண்டாவது தரம் கொத்சு கேட்டு வாங்கினேன். மூணாவது தரம் கேட்டேன், சர்வர் மொறைச்சான்.

2-12, புதன்

வெயில். வ.க.வி. காலையிலேயே ஆரம்பிச்சிடுச்சு.

கணேசன் வந்தான். "முட்டி சரியாயிடுச்சு, மூஞ்சிதான் பாக்கி. ஷேவிங் பண்ணு." மாலை போடாதவன், தப்பிக்க வழி இல்ல. புது பிளேடு பிரிச்சேன். சோப்பு. ஒரு கன்னம் ஆச்சு. கழுத்துக்கு வரும்போது துள்ளுச்சு. கத்தியை எடுத்துட்டேன்.

"இன்னாடா நிறுத்திட்ட?"

"விரல் துடிக்குது கணேசா. நாலு மாசமா இருக்கு. நிக்கட்டும், அப்புறம் எடுக்கறேன்."

வாய்ல இருந்து வேற எதுவும் வரல. அவன் ஏதாவது சொல்லுவான்னு பார்த்தேன்.

"சரி, நிக்கட்டும்"னு கண்ணை மூடிக்கிட்டான்.

நின்னுது. எடுத்தேன். ரத்தம் இல்ல. படிகாரம் கூட தேவைப்படல. போகும்போது, "நாளைக்கும் துடிச்சா சொல்லு, கடையில டீ போடற நேரம் வரைக்கும் உன் கூட உக்கார்றேன்"னான்.

பாலு ஆட்டோ கடை வழியா போச்சு. கை காட்டினேன். நிறுத்தல, சவாரி இருந்துது. நாளைக்கு சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போவணும்.

எட்டு மணிக்கு செல்விக்கு நானே போன் போட்டேன்.

"இன்னா மாமா, அதிசயமா? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். செல்வி, ஒரு விஷயம்."

"எதிர் வீட்டம்மாவா?"

"இல்ல."

"வெளாடறியா?"

"இல்ல."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்னுது.